வழிகாட்டிச் செயலி அலையவிட்ட கதைகள்: அனுபவப் பகிர்வு

பயணத்தின்போது கைப்பேசியின் வழிகாட்டிச் செயலியோ, காரில் பொருத்தியிருக்கும் ஜி.பி.எஸ். கருவியோ உங்களைச் சம்பந்தமில்லாத இடத்தில் கொண்டுபோய் நிறுத்திய வேடிக்கைகளை இங்கே எழுதுங்கள். ஆபத்தில் முடிந்தவற்றை வேறொரு சமயம் பேசிக்கொள்ளலாம். இப்போதைக்குச் சிரிக்கத் தக்கவை போதும். அந்தக் கருவி ஏன் அப்படி நடந்துகொண்டது என்பது தெரிந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். வெறுமனே திட்டித் தீர்ப்பதைவிட அது சுவையாக இருக்கும்.

என்னுடையதிலிருந்தே தொடங்குகிறேன். நண்பர் ஒருவரை நேர்காணலுக்கு அழைத்துச் சென்றுகொண்டிருந்தேன். மேம்பாலத்தின் உச்சியில் கார் ஏறியதும், ‘நீங்கள் சேர வேண்டிய இடம் இடப்புறத்தில் உள்ளது’ என்று அறிவித்துவிட்டுச் செயலி தன் கடமையை முடித்துக்கொண்டது. இடப்புறம் பார்த்தால் பாலத்தின் கைப்பிடிச் சுவர்; அதற்கு அப்பால், எட்டிவிடும் தூரத்தில், நாங்கள் போக வேண்டிய அலுவலகத்தின் மூன்றாம் மாடிச் சன்னல். உள்ளே வரிசையாக நாற்காலிகளில் அமர்ந்திருந்த மற்ற போட்டியாளர்கள் எங்களைப் பார்த்தார்கள்; நாங்களும் அவர்களைப் பார்த்தோம். பாலத்தை விட்டு இறங்கித் திரும்பி வந்து கீழே நுழைந்தபோது, நாங்கள் இன்னும் மேலேயே இருப்பதாக எண்ணிக்கொண்டு, ‘நேராகச் செல்லவும்’ என்று செயலி ஒரு தூணை நோக்கி எங்களை வற்புறுத்தியது. நண்பர் இறங்கி ஓடிவிட்டார்.

நம் கருவிக்குச் சைகை (சிக்னல்) எட்டுகிற செயற்கைக்கோள்கள் எல்லாம் நம் தலைக்கு மேலேதான் இருக்கின்றன. பூமிக்கு மறுபுறம், காலுக்குக் கீழே இருப்பவற்றின் சைகை நம்மை எட்டாது. அதனால் கிடைமட்டத்தில் நம் இடத்தைக் கணிப்பதைவிட உயரத்தைக் கணிப்பதில் பிழை கூடுதலாக வருகிறது. இரண்டு சாலைகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தால், நாம் எதில் இருக்கிறோம் என்பதைச் செயலி ஊகித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊகம் என்பதை மட்டும் அது நம்மிடம் சொல்வதில்லை.

*

உங்களுக்காவது கீழே தரை இருந்தது. காரைப் படகில் ஏற்றி ஒரு தீவுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, செயலியை நிறுத்த மறந்து இருக்கையிலேயே வைத்துவிட்டு நாங்கள் மேல்தளத்துக்குப் போய்விட்டோம். திரும்பி வந்து பார்த்தால், நடுக்கடலில் எங்களைத் திருத்துவதற்காக அது அரும்பாடுபட்டுக்கொண்டிருந்தது. ‘வாய்ப்புள்ள இடத்தில் திரும்பி வரவும்’ என்று அது கெஞ்சியதைப் பக்கத்தில் கயிறு சுற்றிக்கொண்டிருந்த படகுப் பணியாளர் நெடுநேரம் கேட்டிருப்பார் போலும். “நானும் கேப்டனிடம் சொல்லிவிட்டேன், அவர் கேட்க மாட்டேன் என்கிறார்” என்றார்.

*

நான் இந்த விவகாரத்தில் எதிர்த்தரப்பைச் சேர்ந்தவள். நாங்கள் எங்கும் போய் வழிதவறவில்லை. வழிதவறியவர்கள்தாம் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள்.

கதவு எண்ணோ தெருவோ இல்லாமல் எங்கள் பகுதியின் பெயரை மட்டும் தட்டச்சு செய்து தேடுகிற எவருக்கும், செயலி காட்டும் குறி எங்கள் வீட்டுக் கூடத்தின் நடுவே வந்து விழுகிறது. முழு முகவரி கிடைக்காதபோது அந்தப் பகுதியின் மையத்தை இடமாக எடுத்துக்கொள்வது இத்தகைய மென்பொருள்களின் வழக்கம் என்று என் மகன் விளக்கினான். மையத்தில் வீடு வாங்கியதில் இப்படியொரு பெருமை இருக்கும் என்று வாங்கியபோது யாரும் சொல்லவில்லை. கட்டில் ஏற்றிய லாரி, மேளக் கருவிகளோடு ஒரு குழு, நாய்க்குட்டி வாங்க வந்த குடும்பம் என்று தினமும் யாராவது வாசலில் நின்று, கைப்பேசியையும் எங்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். குழாய் பழுதுபார்ப்பவர் ஒருவர் விறுவிறுவென்று உள்ளே வந்து, ஒழுகிக்கொண்டிருந்த சமையலறைக் குழாயைப் பார்த்து, “இதுதானே?” என்று கேட்டுச் சரிசெய்துவிட்டார். நாங்கள் அவரை அழைக்கவே இல்லை என்பதும், அழைத்தவர் இரண்டு தெரு தள்ளித் தண்ணீரில் நின்றுகொண்டிருக்கிறார் என்பதும் கூலி கொடுக்கும்போதுதான் தெரிந்தது.

செயலிக்குப் புகார் அனுப்பினோம். அவர்கள் குறியை நகர்த்தினார்கள், பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குள். அந்த வீட்டுக்காரர் எங்களோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். சில வாரங்களில் குறி தானாகவே எங்கள் கூடத்துக்குத் திரும்பி வந்துவிட்டது. இப்போது என் மாமியார் அந்தப் பகுதியின் தெருக்களைத் தாளில் வரைந்து, நகலெடுத்து, வாசலில் ஒரு பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார். வருகிறவர்கள் பெல் அடிக்காமல் ஒரு தாளை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

*

மேலே எழுதிய சகோதரிக்கு: உங்கள் வீட்டுக்கு நேர்ந்ததன் மிகப் பெரிய வடிவம் அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டுக்கு நேர்ந்தது. இணையத்தோடு இணையும் கருவிகளுக்குத் தரப்படும் எண்களான இணைய முகவரிகளுக்கு (ஐ.பி.) இருப்பிடம் சொல்லும் நிறுவனம் ஒன்று, அமெரிக்காவில் எங்கோ என்பதற்கு மேல் எதுவும் தெரியாத முகவரிகளுக்கெல்லாம், நாட்டின் நடுப்பகுதியில் வடக்கு அட்சரேகை 38, மேற்கு தீர்க்கரேகை 97 என்று முழு எண்களாகப் பார்த்து ஓரிடத்தைக் குறித்துவிட்டது. அந்த இடத்தில் அந்தப் பண்ணை இருந்தது. ஏறத்தாழ 60 கோடி இணைய முகவரிகள் அந்த வீட்டின் கணக்கில் சேர்ந்தன. மோசடிக்காரர்களைத் தேடியும், தொலைந்தவர்களைத் தேடியும் காவல்துறையினர் ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டே இருந்தார்கள். 2016-இல் விஷயம் செய்தியில் வெளிவந்த பிறகு, நிறுவனம் அந்தக் குறியை ஓர் ஏரிக்குள் மாற்றி வைத்தது. கிணற்றைவிட ஏரி மேல். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

*

நில அளவைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், எல்லாப் பழியையும் செயற்கைக்கோளின் தலையில் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் தத்தம் அணுக்கடிகாரத்தின் நேரத்தை ஒலிபரப்புகின்றன. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சைகை கிடைத்தால், அவை வந்து சேர்ந்த நேர வேறுபாட்டைக் கொண்டு நம் கருவி தன் இடத்தைக் கணக்கிட்டுக்கொள்கிறது. ஒளி ஒரு மைக்ரோ வினாடியில், அதாவது வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கில், 300 மீட்டர் போய்விடும் என்பதால், கடிகாரத்தில் அவ்வளவு சிறிய பிழை வந்தாலும் நாம் அடுத்த தெருவில் இருப்போம். வேகமும் ஈர்ப்பும் நேரத்தின் ஓட்டத்தையே மாற்றும் சார்பியல் விளைவுகளால் அக்கடிகாரங்கள் நாளொன்றுக்கு 38 மைக்ரோ வினாடி முந்துகின்றன என்பதைக்கூட முன்கூட்டியே கணித்துச் சரிசெய்திருக்கிறார்கள். பொதுமக்களுக்கான சைகையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வந்த காலத்தில், இடம் 100 மீட்டர் வரை விலகியது உண்மைதான். 2000 மே மாதத்தில் அதையும் நிறுத்திவிட்டார்கள். திறந்த வானத்தின் கீழ் சாதாரணக் கைப்பேசியே ஐந்து மீட்டருக்குள் நம் இடத்தைச் சொல்லிவிடும்.

ஆனால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைத்தான் அது சொல்லும். எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்பதைச் சொல்லாது. நடக்கத் தொடங்கினால்தான் திசை பிடிபடும். நின்றுகொண்டிருப்பவருக்குக் கைப்பேசி காட்டும் அம்பு அதற்குள் இருக்கும் சிறு காந்த உணரியின் கைங்கரியம். அருகில் வேறொரு காந்தம் இருந்தால் அந்த உணரி அதற்குத்தான் விசுவாசமாக இருக்கும்.

இதை நான் அறிந்துகொண்ட இரவில், அறிமுகமற்ற நகரம் ஒன்றில், பழைய சக ஊழியர்கள் அனைவரையும் நடத்தி அழைத்துச் செல்லும் பொறுப்பு, அளவையாளன் என்ற தகுதியால், என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. தங்கும் விடுதி பத்து நிமிட நடைதான் என்றது செயலி. ஒவ்வொரு சந்திப்பிலும் நின்று, அம்பு காட்டிய பக்கம் நடந்தோம். ஒரு மணிக்கூண்டை வந்தடைந்தோம். மீண்டும் சந்திப்புகள், மீண்டும் அம்பு, மீண்டும் அதே மணிக்கூண்டு. அங்கிருந்த காவலாளி முதலில் எங்களைக் கண்டதும் எழுந்து நின்று வணக்கம் வைத்தார். அடுத்து வந்தபோது தலையை மட்டும் அசைத்தார். அதற்கும் அடுத்து வந்தபோது, கூட்டத்தில் மூத்தவரைப் பார்த்து, “நீங்கள் மட்டும் உட்காருங்கள் ஐயா, அவர்கள் சுற்றிவிட்டு வரட்டும்” என்று தன் நாற்காலியைக் கொடுத்தார். என் மனைவி அன்புடன் வாங்கித் தந்திருந்த புதிய தோல் உறையின் மூடியில் ஒரு காந்தப் பூட்டு இருந்ததை நாற்காலியைக் கொடுத்த காவலாளிதான் கண்டுபிடித்தார். உறையைக் கழற்றியதும் அம்பு அப்படியே பின்பக்கம் திரும்பிக்கொண்டது. விடுதி மணிக்கூண்டுக்குப் பின்புறத் தெருவில் இருந்தது.

*

சுற்றுலா வேன் ஓட்டுகிறேன். நெடுஞ்சாலையில் நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தவனிடம், நான்கு நிமிடங்கள் மிச்சமாகும் ஒரு குறுக்குப் பாதை இருப்பதாகச் செயலி ஆசை காட்டியது. பின்னால் இருந்த பயணிகள் எல்லாரும் அதைத் தத்தம் கைப்பேசியிலும் பார்த்துவிட்டதால், வேண்டாம் என்று சொல்கிற அதிகாரம் எனக்கு இல்லாமல் போயிற்று. சாலை தெருவாயிற்று, தெரு சந்தாயிற்று. பக்கக் கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு, இருபுறச் சுவர்களுக்கும் நடுவே மூச்சைப் பிடித்தபடி நகர்ந்து போனால், சந்தின் முடிவில் ஆற்றுக்குள் இறங்கும் கல்படிகள். ‘நேராகச் செல்லவும்’ என்றது செயலி. படியில் அமர்ந்திருந்த பெரியவர் வேனைப் பார்த்துத் துளியும் வியப்படையாமல், “முந்தாநாள் ஒரு பஸ் வந்தது” என்றார்.

பின்னால் எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. பயணிகள் இறங்கி வேனுக்குப் பின்னே நின்றுகொண்டார்கள். பாதிப் பேர் “லெஃப்ட் ஒடிங்க அண்ணே” என்றார்கள், மீதிப் பேர் “ரைட் ஒடிங்க” என்றார்கள். இரு தரப்பும் கையைக் காட்டியது ஒரே பக்கம். இதற்கு நடுவே செயலிக்கு ஒரு குழப்பம் வந்துவிட்டது. வண்டி பின்னோக்கி நகர்வதை, நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடுவதாக அது எடுத்துக்கொண்டது. சந்து நெடுகிலும், சுவருக்கும் கதவுக்கும் ஒரு சாண் இடைவெளிகூட இல்லாத இடத்தில், ‘யு-டர்ன் எடுக்கவும்’ என்று அது சொல்லிக்கொண்டே வந்தது. ஒரு சிறுவன் வேன் கூடவே நடந்து வந்து, ஒவ்வொரு முறையும் அதற்கு என் சார்பில் பதில் சொன்னான். என்ன சொன்னான் என்பதை எழுத முடியாது. நெடுஞ்சாலைக்கு வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று.

*

அந்த நான்கு நிமிடங்களைப் பற்றி, மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்பதால், ஒரு வார்த்தை. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக் கணினி அறிஞர் 1959-இல் வெளியிட்ட மிகக் குறைந்த தூரப் பாதையைக் கணக்கிடும் முறையும் அதன் வழித்தோன்றல்களும்தான் இன்றும் பெரும்பாலான வழிகாட்டிகளுக்கு அடித்தளம். அந்தக் கணக்குக்குச் சாலை என்பது இரண்டு புள்ளிகளுக்கு இடையே ஒரு கோடும், அதைக் கடக்க ஆகும் நேரமும் மட்டுமே. அகலம், சுவர், படிக்கட்டு ஆகியவற்றை யாராவது தரவில் குறித்திருந்தால் உண்டு. இல்லையேல் கோடு கோடுதான். 2004-இல் தொடங்கப்பட்ட ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் போன்ற தன்னார்வ வரைபடங்களில் படிகளைப் படிகள் என்றே குறிக்கத் தனி வகை இருக்கிறது; வரைந்தவர் அவசரத்தில் தெரு என்று குறித்துவிட்டால், உங்கள் வேன் ஆற்றுக்குள் இறங்கலாம் என்று கணக்கு மனப்பூர்வமாக நம்பும்.

*

எல்லாரும் கருவியைக் குறை சொல்கிறீர்கள். வழியில் மனிதர்களைக் கேட்டுப் போன காலத்தை மறந்துவிட்டீர்களா? தெரியாது என்று சொல்ல மனமில்லாமல் ஏதாவதொரு பக்கம் கையை நீட்டியவர்கள் எத்தனை பேர்? ‘அந்த ஆலமரம் இருந்த இடத்தில் திரும்புங்கள்’ என்று, வெட்டப்பட்டுவிட்ட மரத்தை அடையாளமாகச் சொன்னவரை நான் சந்தித்திருக்கிறேன். செயலியாவது மறுபடி கணக்குப் போடுகிறது.

*

ஊர்ப் பெயர் வகையில் உலகப் புகழ்பெற்ற கதைகளையும் இங்கே சேர்த்துவிடலாம். 2009-இல் சுவீடன் நாட்டுத் தம்பதியர் இத்தாலியின் தெற்கே கடலுக்குள் இருக்கும் காப்ரி தீவுக்குப் புறப்பட்டு, கருவியில் இரண்டு எழுத்துகள் இடம் மாறியதால், வடக்கே இருக்கும் கார்ப்பி என்ற தொழில் நகருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 650 கிலோமீட்டர். காப்ரியின் புகழ்பெற்ற நீலக் குகைக்கு எப்படிப் போவது என்று கார்ப்பியின் சுற்றுலா அலுவலகத்தில் அவர்கள் விசாரித்தார்களாம். ஒரு தீவுக்குப் போகிறவர்கள் வழியில் எங்கும் கடலைக் கடக்கவில்லையே என்பது அவர்களுக்கு உறுத்தவில்லை. 2016-இல் ஐஸ்லாந்தில் விமானநிலையத்தில் இறங்கிய அமெரிக்கர் ஒருவர், முக்கால் மணி நேரத்தில் இருக்கும் தலைநகர் விடுதிக்குப் போக வேண்டியவர், தெருவின் பெயரில் கூடுதலாகச் சேர்ந்திருந்த ஓர் எழுத்தின் தயவால், பனியில் மணிக்கணக்கில் காரோட்டி, நாட்டின் வட கோடியில் சிக்லுஃப்யொர்துர் என்ற மீன்பிடி ஊரில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார். அந்த ஊர்க்காரர்கள் அவரைக் கொண்டாடி அனுப்பினார்கள் என்பது தனிக்கதை.

எனக்கு மிகவும் பிடித்தது 2012-இல் ஆஸ்திரேலியாவில் நடந்தது. வடக்கு ஸ்ட்ராட்புரோக் தீவுக்குக் காரிலேயே போய்விடலாம் என்று கருவி சொன்னதை நம்பி, ஜப்பானிய மாணவர்கள் மூவர் கடல் வற்றியிருந்த நேரத்தில் மோர்ட்டன் விரிகுடாவுக்குள் வாடகைக் காரை இறக்கிவிட்டார்கள். சேற்றில் சக்கரம் புதைந்தது; கடல் திரும்பி வந்தது; காரை விட்டுவிட்டுக் கரைக்கு நடந்தார்கள். அடுத்த பயணத்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கே வருவோம் என்று அவர்கள் சொன்னதாகப் படித்தபோது, கருவியைவிட அவர்களுக்கு நம்பிக்கை அதிகம் என்று தோன்றியது.

இவர்களைப் பார்த்துச் சிரிப்பது எளிது. ஆனால் சரியான வழியைச் சொல்லும்போதும், கடலுக்குள் இறங்கச் சொல்லும்போதும் அந்தக் குரலில் ஒரு மாற்றமும் இருப்பதில்லை. வழி சொல்கிற மனிதர் சந்தேகம் வந்தால் சற்றே இழுத்துப் பேசுவார், தலையைச் சொறிவார், நமக்குப் புரிந்துவிடும். கருவியிடம் எனக்கு இருக்கும் ஒரே வருத்தம் இது.

*

கூட்டமாக ஏமாந்த கதை ஒன்றும் இருக்கட்டும். நெடுஞ்சாலையில் ஏதோ விபத்து, வாகனங்கள் அசையவில்லை. செயலி ஒரு மாற்றுவழியைக் காட்டியது. எனக்கு மட்டுமே காட்டிய இரகசியம் என்ற பூரிப்புடன் மண்சாலையில் திரும்பினால், முன்னாலும் பின்னாலும் அதே பூரிப்புடன் வரிசையாகக் கார்கள். 2019-இல் அமெரிக்காவின் டென்வர் விமானநிலையத்துக்குப் போன நூறு கார்கள் வரை இப்படியொரு மாற்றுவழியில் போய்ச் சேற்றில் மாட்டிக்கொண்ட செய்தியை அப்போது நான் படித்திருக்கவில்லை.

வயல்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்த வரிசை ஓரிடத்தில் நின்றது. நெடுநேரம் நகரவில்லை. இறங்கி முன்னால் நடந்தோம். ஒவ்வொரு காரிலும் இருந்தவர், தனக்கு முன்னால் போகிறவர் உள்ளூர்க்காரர்போல் நிதானமாகப் போவதால் நம்பி வந்ததாகச் சொன்னார். அவர்கள் சொன்னதில் ஓரளவு உண்மை இருந்தது. வரிசையின் முதல் காருக்கு உரியவர் உண்மையாகவே உள்ளூர்க்காரர். அவர் எந்தச் செயலியையும் பார்க்கவில்லை. வேலை முடிந்து தன் வீட்டுக்கு வந்திருந்தார். சாலை அவர் வீட்டு வாசலோடு முடிந்தது. காரை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தவர், கண்ணுக்கெட்டிய தூரம் வரை தன்னைப் பின்தொடர்ந்து வந்திருக்கும் வாகனங்களைக் கண்டு, வீட்டில் என்னவோ நடந்துவிட்டது என்று பதறி உள்ளே ஓடியிருக்கிறார். அவர் மனைவி வெளியே வந்து எங்களைக் கண்டு, அவருக்குத்தான் என்னவோ நேர்ந்துவிட்டது என்று பதறினார்.

விவரம் புரிந்ததும் அவர் களத்தின் வேலிப்படலைத் திறந்துவிட்டார். ஒவ்வொரு காராக உள்ளே போய், ஒரு வட்டமடித்து, வெளியே வந்தது. எதிரே வருகிறவர்களுக்கு வழிவிட்டு, இன்னும் வந்துகொண்டிருந்தவர்களிடம் நிலைமையைச் சொல்லி, அவர்கள் நம்பாமல் தாங்களே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்ப, பொழுது சாய்ந்துவிட்டது. சாலையில் மெல்ல ஊர்ந்தும் நின்றும் போகும் கைப்பேசிகளைக் கொண்டுதான் செயலி நெரிசலை அறிகிறது. 2020-இல் பெர்லினில் சைமன் வெக்கெர்ட் என்ற கலைஞர் 99 பழைய கைப்பேசிகளை ஒரு கைவண்டியில் வைத்து இழுத்துச் சென்று, வெறிச்சோடிய தெருவை வரைபடத்தில் சிவப்பாக்கிக் காட்டினார். எங்கள் மண்சாலைக்கும் அதுவே நடந்தது. என் முறை வந்து களத்துக்குள் நுழைந்தபோது, பாதை முழுவதையும் செந்நிறமாகக் காட்டி, இப்பகுதியில் கடும் நெரிசல் நிலவுவதாகவும், நெடுஞ்சாலை வழியாகச் சென்றால் இருபத்தாறு நிமிடங்கள் மிச்சமாகும் என்றும் செயலி எனக்குப் பரிந்துரைத்தது.